நாளும் கோளும் பார்த்தோம், குருதி பார்த்தோமா?

வெள்ளவத்தையிலே ஒரு கலியாணம் பேசப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை கணக்காளர், பெண் பொறியியலாளர். மாப்பிள்ளையின் தகப்பனார் வன்னியிலே வயல் செய்கின்ற கமக்காரர். பெண்ணின் தகப்பனார் இளைப்பாறிய அரசாங்க உத்தியோகத்தர். குறிப்புகள் இரண்டும் சாத்திரியாரிடம் போகின்றன. பத்துப் பொருத்தமும் பார்க்கப்படுகின்றன. செவ்வாய் எங்கே நிற்கிறது என்று துருவித் துருவி ஆராயப்படுகிறது. ஊர் விசாரணை தனியே நடக்கிறது. எந்த ஊர், யார் வழி, சீதனம் எவ்வளவு, கொழும்பில் வீடு உண்டா, அது காலி வீதிக்குக் கடற்பக்கமா தரைப்பக்கமா என்பது வரைக்கும் கேட்டு முடிகிறது.

இவ்வளவும் கேட்ட பெரிய மனிதர்களில் ஒருவராவது, "பிள்ளைகள் இருவருடைய குருதியையும் சோதித்தீர்களா?" என்று கேட்டாரா? கேட்கவில்லை. கேட்பது மரியாதைக் குறைவாம்! சீதனத்துக்குப் பேரம் பேசுவது மரியாதை. பிறக்கப் போகும் பிள்ளையின் உயிரைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு! இந்த விசித்திரமான மரியாதையைத்தான் நாம் இன்று எதிர்த்து எழுத வந்திருக்கிறோம்.

கொட்டாஞ்சேனையில் நாம் அறிந்த தகப்பன் ஒருவர் இருக்கிறார். மாதத்தில் ஒரு நாள் வேலைக்கு விடுமுறை போட்டுவிட்டு, மகனை அதிகாலையிலேயே ஆசுபத்திரிக்குக் கூட்டிச் செல்கிறார். பிள்ளைக்கு இரத்தம் ஏற்ற வேண்டும். அந்த இரத்தம் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்குத்தான் தாங்கும். பிறகு மீண்டும் போக வேண்டும். ஏற்றிய இரத்தத்தோடு உடலுக்குள் சேர்கின்ற இரும்போ வெளியே போக வழியின்றி இருதயத்திலும் ஈரலிலும் படிகிறது. அதை அகற்ற வேறு மருந்து. முன்பெல்லாம் வாரத்தில் ஐந்தாறு இரவுகள், எட்டு மணி நேரத்துக்கு மேலாகத் தோலின் கீழ் ஊசி குத்தியபடியே பிள்ளைகள் தூங்கினார்கள்; இப்பொழுது வாய்வழி மருந்தும் வந்திருக்கிறது. அந்தத் தகப்பனின் கலியாணத்துக்கும் குறிப்புப் பார்த்தார்கள். பொருத்தம் திறமாக இருந்ததாம். "நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்று அவர் நம்மைக் கேட்டார்.

பாவம் ஒன்றுமில்லை, ஐயா. பிழை ஓர் எழுத்து.

அந்த எழுத்து எங்கே பிழைத்தது என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்ல விரும்புகிறோம். காணிக்கும் உறுதிக்கும் வழக்காடிப் பழகிய நம் மக்களுக்கு இது விளங்காத விஷயம் அன்று.

நமது இரத்தத்தைச் சிவப்பாக்கி மூச்சுக் காற்றைச் சுமந்து செல்வது ஈமோகுளோபின் என்னும் புரதம். அதன் ஒரு பாதியாகிய பீற்றா குளோபினைச் செய்யும் விதி, கலத்தின் கருவிலே டி.என்.ஏ. என்னும் மூல உறுதியில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த விதி ஒரே தொடராக இல்லை. மூன்று துண்டுக் காணிகளாகக் கிடக்கிறது. இடையிலே பயன்படாத இரண்டு துண்டுகள் குறுக்கிடுகின்றன. முதலாவது குறுக்குத் துண்டு 130 எழுத்து நீளம். இரண்டாவது 850 எழுத்து. கலம் முதலில் முழுவதையும் அப்படியே ஆர்.என்.ஏ. என்னும் பிரதியாக எடுக்கிறது. பின்னர் குறுக்குத் துண்டுகள் இரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு, மூன்று நல்ல துண்டுகளையும் ஒட்டுகிறது. ஒட்டிய பிரதி மாத்திரமே புரதம் செய்யும் இடத்துக்குப் போகிறது. இந்த வெட்டி ஒட்டும் வேலையை 1977 ஆம் ஆண்டில் பிலிப் சார்ப், றிச்சட் றொபேட்ஸ் என்னும் இருவர் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 1993 இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது.

எங்கே வெட்டுவது என்று கலத்துக்கு எப்படித் தெரியும்? எல்லைக் கல் நாட்டியிருக்கிறது. குறுக்குத் துண்டு தொடங்குமிடத்தில் ஜீ, யூ என்ற இரண்டு எழுத்துகள். முடியுமிடத்தில் ஏ, ஜீ என்ற இரண்டு எழுத்துகள். வெட்டும் பொறியானது ஐந்து சிறிய ஆர்.என்.ஏ.க்களும் நூற்றுக்கு மேற்பட்ட புரதங்களும் கூடிய பெரியதோர் அமைப்பு. அதில் முன்னே வருகின்ற சிறிய ஆர்.என்.ஏ. ஒன்று நில அளவையாளரைப் போல எல்லைக் கல்லையும் அதை அடுத்த எழுத்துகளையும் தன் எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் வெட்டு, பொருந்தாவிட்டால் வேறு கல்லைத் தேடு. அது அவ்வளவு நுட்பமாகத் தன் கடமையைச் செய்கிறது. ஓரடி வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடும் நம்மவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இலங்கையில் தலசீமியா நோயாளரிடம் மிக அதிகமாகக் காணப்படும் விகாரம், முதலாவது குறுக்குத் துண்டின் ஐந்தாம் எழுத்தில் இருக்கிறது. அங்கே ஜீ இருக்க வேண்டிய இடத்தில் சீ வந்துவிட்டது. எல்லைக் கல் நிற்கிறது. ஆனால் சரிந்து நிற்கிறது. அளவையாளர் பெரும்பாலும் அதைக் காணாமல், அருகிலுள்ள மூன்று போலிக் கற்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வெட்டுகிறார். அடுத்து அதிகமாக உள்ள இன்னொரு விகாரத்தில் அதே துண்டின் முதலாம் எழுத்தே ஜீயிலிருந்து ஏயாக மாறிவிட்டது. அங்கே கல்லே பிடுங்கப்பட்டுவிட்டது. ஈமோகுளோபின் ஈ என்னும் மூன்றாவது வகையில் குறுக்குத் துண்டு சரியாகவே இருக்கிறது; ஆனால் நல்ல காணிக்குள்ளேயே எல்லைக் கல்லைப் போல ஒரு போலிக் கல் முளைத்துவிடுகிறது. மூன்றும் வெட்டி ஒட்டும் பிழைகளே. தவறாக வெட்டிய பிரதியை வாசிக்க முடியாது. புரதம் குறைகிறது, செங்குருதிக் கலங்கள் என்பு மச்சையிலேயே மடிகின்றன, பிள்ளை வெளிறிப் போகிறது.

"இது குருநாகல் பக்கத்து நோய்; சிங்களவரிடம் உள்ளது; நமக்கேன்?" என்று நம்மவரில் படித்த சிலரே சொல்லக் கேட்டிருக்கிறோம். என்ன அறியாமை! குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருப்பதால் நோயும் அங்கே மாத்திரம் இருக்கிறது என்று நினைப்பது, அங்கொடையில் மனநோய் ஆசுபத்திரி இருப்பதால் பைத்தியம் அங்கே மாத்திரம் உண்டு என்பதற்கு ஒப்பாகும். நாம் மேலே சொன்ன ஐந்தாம் எழுத்துப் பிழைதான் இந்திய உபகண்டம் முழுவதிலும் முதலிடத்தில் நிற்பது. தமிழகமும் அதற்கு விலக்கன்று. மலேரியாக் காய்ச்சல் மிகுந்திருந்த நாடுகளிலே இந்த விகாரத்தில் ஒரு பிரதியை மாத்திரம் கொண்டவர்களுக்குக் காய்ச்சலிலிருந்து ஓரளவு காப்புக் கிடைத்தது. அதனால் பிழை நிலைத்தது. வன்னியிலும் கீழைக் கரையிலும் குளத்தோரம் காடு வெட்டிக் கழனி செய்த நம் முன்னோரைக் காய்ச்சல் எப்படி வாட்டியது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? 2016 இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்துவிட்டது. காய்ச்சல் போயிற்று. பிழை போகவில்லை.

நிற்க. இந்நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேலாக இந்நோயின் காவிகள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. காவி என்பவர் நோயாளி அல்லர். அவரிடம் ஒரு பிரதி பிழையானது, மற்றது நல்லது. அவர் உழுவார், நீந்துவார், உத்தியோகம் பார்ப்பார், எண்பது வயதும் வாழ்வார். இரண்டு காவிகள் மணந்தால்தான் வினை. அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 2019 இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பு 1774 நோயாளரைப் பதிவு செய்தது. ஆண்டுதோறும் 45 முதல் 55 வரையான பிள்ளைகள் இந்நோயோடு பிறப்பதாகவும், பத்தொன்பது ஆண்டுகளில் அந்தத் தொகை குறைந்ததற்கு அதிக அடையாளம் இல்லை என்றும் அது கூறியது. வாரத்துக்கு ஒரு பிள்ளை! ஏறக்குறைய எல்லா நிலையங்களிலும் நோயாளரின் உடலில் இரும்பு மிதமிஞ்சி இருந்ததையும் அதே கணக்கெடுப்புக் காட்டியது. இத்தனைக்கும் இந்நாட்டில் இரத்தமும் இலவசம், மருந்தும் இலவசம். அந்த ஏற்பாட்டைக் குறைகூற வந்தவர்கள் அல்லர் நாம், அதைப் போற்றுகிறோம். ஆனால் 2000 ஆம் ஆண்டிலேயே, ராகமையிலும் ஒக்ஸ்போர்ட்டிலும் உள்ள அறிஞர்கள் கூடி நடத்திய ஆராய்ச்சி, இந்த ஒரு நோயைப் பராமரிக்கவே சுகாதாரச் செலவில் நூற்றுக்கு ஐந்து வரை வேண்டியிருக்கும் என்று எச்சரித்தது. கால் நூற்றாண்டு போய்விட்டது.

இனி, "விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது, பிழையைத் திருத்த மருந்து வந்துகொண்டிருக்கிறது, ஏன் பதறுகிறீர்கள்?" என்று கேட்கும் கனவான்களுக்கு வருவோம்.

மருந்து வந்துகொண்டிருப்பது உண்மை. யாருக்கு வருகிறது என்பதே கேள்வி.

வெட்டி ஒட்டும் பிழையைத் திருத்தலாம் என்று ஆய்வுகூடத்தில் முதன்முதலாகக் காட்டப்பட்ட நோய்களில் ஒன்று நமது இந்தத் தலசீமியாதான். 1993 இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் றிசாட் கோலே என்பவரும் அவருடைய துணைவரும் ஓர் உபாயம் செய்தார்கள். போலிக் கல்லின் எழுத்துகளுக்குப் பொருந்துகின்ற சிறிய எதிரிழை ஒன்றைச் செய்து, அந்தக் கல்லை மூடிவிட்டார்கள். போலிக் கல் மறைந்ததும் வெட்டும் பொறி உண்மைக் கல்லுக்குத் திரும்பியது. எவ்வளவு அழகான யோசனை! ஆனால் அவர்கள் திருத்தியது மத்தியதரைக் கடலோர மக்களிடம் மிகுந்துள்ள 110 ஆம் எழுத்துப் பிழை. அங்கே உண்மைக் கல் பழுதில்லாமல் நிற்கிறது. போலியை மூடினால் போதும். நம்முடைய ஐந்தாம் எழுத்துப் பிழையிலோ உண்மைக் கல்லே சரிந்திருக்கிறது, போலிகளும் மூன்று. முதலாம் எழுத்துப் பிழையில் திரும்பிப் போவதற்குக் கல்லே இல்லை. போதாததற்கு, இரத்தத்தைப் பிறப்பிக்கும் என்பு மச்சைக் கலங்களுக்குள் எதிரிழையைக் கொண்டுசேர்ப்பதும் கடினம்.

எதிரிழை வைத்தியம் பெரிய வெற்றி கண்டது வேறொரு நோயில். முள்ளந்தண்டு நரம்புகள் நலிந்து குழந்தைகள் மூச்சின்றி இறக்கும் நோய்க்கு, ஏட்ரியன் கிரைனர் முதலியோரின் ஆராய்ச்சியால் பிறந்த நுசினேர்சென் என்னும் மருந்து 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. இறக்க வேண்டிய குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தன. அதை மனதார வரவேற்கிறோம். விலை? முதல் ஆண்டுக்கு ஏழரை இலட்சம் டொலர். அதன்பின் ஆண்டுதோறும் மூன்றே முக்கால் இலட்சம். 2018 இல் பொஸ்டன் நகரத்து வைத்தியர்கள் ஒரேயொரு சிறுமியின் வெட்டி ஒட்டும் பிழைக்காக, அவளுக்கென்றே ஓர் எதிரிழையைச் செய்து கொடுத்தார்கள். வலிப்புக் குறைந்தது, நோய் முற்றாக நிற்கவில்லை. ஒரு பிள்ளைக்காக ஒரு மருந்து செய்த அந்த வைத்தியர்களைக் கும்பிடுகிறோம். ஆனால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் ஒரே மாதிரியாக உள்ள பிழைக்கு அத்தகைய முயற்சி எங்கே?

எழுத்தையே மாற்றி எழுதும் கருவிகளும் வந்துவிட்டன. ஏயை ஜீயாக்கும் கருவி 2017 இல் பிறந்தது. 2023 இல் பாரிசு ஆராய்ச்சியாளர் அதைக் கொண்டு 110 ஆம் எழுத்துப் பிழையைக் கலங்களில் திருத்திக் காட்டினார்கள். அதே ஆண்டில் ஒக்ஸ்போர்ட்டார் ஈமோகுளோபின் ஈயைத் திருத்தினார்கள். நம்மிடமுள்ள முதலாம் எழுத்துப் பிழைக்கும் அந்தக் கருவி பொருந்தக்கூடியதே. ஆனால் முதலிடத்தில் நிற்கும் ஐந்தாம் எழுத்துப் பிழையில் ஜீ மாறியது சீயாக, ஏயாக அன்று. அந்தக் கருவி அதற்கு உதவாது; வேறு கருவி வேண்டும். நமது பிழைக்கு மருந்து காணும்படி வெளிநாட்டுக் கம்பனிக்கு என்ன கட்டாயம்? வாங்குகிறவனைப் பார்த்துத்தான் விற்கிறவன் கடை திறப்பான்.

பிழையை அப்படியே விட்டுவிட்டு, கருவில் இருந்தபோது சுரந்த பழைய ஈமோகுளோபினை மீண்டும் எழுப்பும் வைத்தியம் 2023 நவம்பரில் பிரித்தானியாவில் அனுமதி பெற்றது. எந்தப் பிழை உள்ளவருக்கும் அது பயன்படும். அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். இந்நாட்டில் பதிவான 1774 பேருக்கும் கணக்குப் பாருங்கள்: 390 கோடி டொலர்! 2022 இல் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் கைவிரித்து, ஆசுபத்திரிகளில் சாதாரண மருந்துக்கே தட்டுப்பாடு கண்ட இந்த நாடு, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்திப் பெற ஒப்பந்தம் செய்த முழுக் கடனே நான்கு ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 300 கோடி டொலர்தான். "மருந்து வருகிறது" என்று சொல்லிச் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்கும் கனவான்கள் இந்தக் கணக்குக்கு விடை சொல்வார்களா?

ஆராய்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டும், நம்முடைய பிழைக்கே வேண்டும். பாக்கு நீரிணைக்கு அப்பால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதலே தலசீமியாப் பிள்ளைகளுக்கு என்பு மச்சை மாற்றி வைக்கிறார்கள். குருதி உறையாமை நோய்க்கு அங்கேயே பரம்பரையலகு வைத்தியம் செய்து, ஐந்து பேர் பயன்பெற்ற செய்தி 2024 இல் உலக மருத்துவ ஏடுகளில் வந்தது. ராகமையிலோ உலகம் மதிக்கும் தலசீமியா ஆராய்ச்சி நடக்கிறது. இரண்டுக்கும் நடுவிலே ஒரு சிறு கடல். கோயில் கோபுரத்துக்கு இலண்டனிலும் தொரன்ரோவிலும் இருந்து பணம் அனுப்பும் நம் உறவினர், ஐந்தாம் எழுத்துப் பிழைக்கென ஓர் ஆராய்ச்சி மாணவனுக்குச் சம்பளம் அனுப்பினால் எந்தக் கோபுரம் சரிந்துவிடும்?

அந்த ஆராய்ச்சி பலிக்கும் வரை என்ன செய்வது? வாரத்துக்கு ஒரு பிள்ளை பிறந்துகொண்டிருக்கிறதே!

சைப்பிரசுத் தீவைப் பாருங்கள். நம்மைவிட மிகச் சிறிய நாடு; காவிகள் நம்மைவிடப் பல மடங்கு அதிகம். 1970களில் சோதனை தொடங்கினார்கள். 1980களில் அங்குள்ள திருச்சபையே மணமுடிக்க வருவோரிடம் சோதனைச் சான்றிதழைக் கேட்டது. மணப்பதா விடுவதா என்பது அவரவர் முடிவு. தெரியாமல் மணக்கக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. அங்கே இந்நோயோடு பிள்ளை பிறப்பது இன்று அரிதாகிவிட்டது. அவர்களுக்குக் கருவிலே சோதிக்கும் வழியும் இருந்தது. இங்கே 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைக்க இடங்கொடுக்கவில்லை. அந்தச் சட்டம் நன்றா தீதா என்பது இன்றைய வாதம் அன்று. அது இருக்கும் வரை, கலியாணத்துக்கு முந்திய சோதனை ஒன்றுதான் நமக்குத் திறந்திருக்கும் கதவு.

"சோதித்துக் காவி என்று வந்தால் பெண்ணை யார் கட்டுவார்?" என்று தாய்மார் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தை நாம் இழிவாகப் பேசமாட்டோம். நமது சமூகம் அதற்குக் காரணம் வைத்திருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். காவியான பெண் காவி அல்லாத எவரையும் தாராளமாக மணக்கலாம். நூறு மாப்பிள்ளைகளில் ஏறக்குறைய தொண்ணூற்றேழு பேர் அவளுக்குத் தடையில்லாதவர்கள். செவ்வாய் தோஷத்துக்காக நாம் தள்ளிவிடும் மாப்பிள்ளைகள் இதனிலும் எத்தனையோ அதிகம்! சொந்தத்துக்குள் மச்சானும் மச்சாளும் மணக்கும் இடத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஒருவர் காவியானால், அதே பிழை அவரது மச்சானிடம் இருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. காணி வெளியே போகக்கூடாது என்று உறவுக்குள் கட்டிக்கொடுக்கும் கமக்காரக் குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். "விதைநெல்லில் பதர் கழிப்பதுபோல் மனிதரைக் கழிக்கிறீர்களோ?" என்று எவரேனும் கேட்டால், இல்லை என்பதே நமது பதில். நாம் ஒருவரையும் கழிக்கச் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனைத் தகப்பனின் மகனை மனிதனாக மதிப்பதால்தான், அவன் படும் பாட்டை இன்னொரு பிள்ளை படக்கூடாது என்கிறோம்.

சோதனையும் பெரிய காரியம் அன்று. சாதாரண முழுக் குருதிக் கணக்கில் செங்கலங்கள் சிறுத்திருந்தால் ஐயம். இரும்புச் சத்துக் குறைவாலும் அப்படி வரலாம் ஆதலால், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் இரண்டாவது சோதனை உறுதி செய்யும். ஈமோகுளோபின் ஈ முதற் சோதனையில் தப்பிவிடலாம் என்பதால், மணம் பேசுகிறவர்கள் இரண்டையும் செய்வதே நல்லது. குறிப்பு மாற்றுவதற்கு முன்னரே செய்ய வேண்டும். மண்டபம் பதிவு செய்து அழைப்பிதழ் அடித்த பிறகு வரும் உண்மையை எவரும் கேட்கமாட்டார்கள்.

எனவே கேட்கிறோம். அரசாங்கம் உயர்தர வகுப்பு மாணவருக்கு, அவர்களுடைய சம்மதத்தோடு, இச்சோதனையை இலவசமாகச் செய்து, முடிவை அவரவர் கையில் மாத்திரம், தமிழ் மாணவருக்குத் தமிழில் விளக்கிக் கொடுக்க வேண்டும். தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. ஆலோசனை சொல்லும் தாதியும் அந்த மொழியில் பேச வேண்டும் என்று கேட்பது சலுகை அன்று. மயூரபதி அம்மன் கோயில் தர்மகர்த்தாக்களும் புனித லூசியாள் பேராலயத்துக் குருமாரும், நாள் குறிக்க வருவோரிடம் "சோதித்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும், முடிவைக் கேட்க வேண்டாம். கலியாணத் தரகர்களும் பத்திரிகை விளம்பரக்காரரும் உயரம், நிறம், விசா நிலை ஆகியவற்றோடு இதையும் ஒரு கேள்வியாக்கட்டும்.

வெள்ளவத்தைக் குறிப்புகள் இரண்டும் இன்னும் சாத்திரியார் வீட்டில்தான் இருக்கின்றன. அவர் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் நான்கு நாட்கள் இருக்கின்றன. காலி வீதியில் இரத்தம் எடுக்கும் இடம் நடந்து போகும் தூரந்தான்.